தொலைபேசிக் கம்பியின் எல்லை

வீட்டிலே தொலைபேசி ஊமையாகிவிட்டால் அதனைத் திருத்தும் செலவு யாருடையது? கம்பனியின் கம்பி எங்கே முடிகிறது, வீட்டுக்காரரின் உடைமை எங்கே தொடங்குகிறது என்பதை அறிந்தாலன்றி இதற்கு விடை கூறவியலாது. ஐக்கிய அமெரிக்காவிலே அவ்வெல்லை வழக்காடி வரையப்பட்டது.

முன்னாளில் அங்கு எல்லை என்ற பேச்சுக்கே இடமிருக்கவில்லை. மேசைமீதிருந்த கருவியும் ஏ.டி.அன்.டி. கம்பனியின் சொத்தே, சந்தாதாரர் அதற்கு வாடகை செலுத்தினார். அந்நியப் பொருளெதனையும் அதில் இணைத்தலாகாது என்பது விதி. ‘ஹஷ்-ஏ-போன்’ என்பது கருவியின் பேசுவாயிலே பொருத்தும் ஒரு கிண்ணம். அருகிலிருப்போர் காதில் பேச்சு விழாமற் காப்பதே அதன் தொழில். மின்சாரத் தொடர்பு எதுவுமில்லை. இதனையுங் கம்பனி தடுத்தது. 1955-இல் அரசாங்க ஆணைக்குழுவும் அத்தடையை ஆதரித்தது. மறு ஆண்டிலே மேன்முறையீட்டு நீதிமன்றம் அம்முடிபை மாற்றிற்று. கையைக் குவித்துப் பேசலாமெனின், அதே பயனைத் தருங் கிண்ணத்தை மட்டும் தடுப்பது எவ்வாறு பொருந்தும் என்று அது கருதியது. பொதுமக்களுக்குக் கேடின்றித் தமக்கு நன்மை தருமாறு தொலைபேசியைப் பயன்படுத்தச் சந்தாதாரருக்கு உரிமையுண்டு என்பது தீர்ப்பு.

கம்பனியின் அச்சம் முற்றும் வீணானதன்று. தகாத மின்னழுத்தம் கம்பிவழியே சென்றால், கம்பத்தில் ஏறி வேலைசெய்யும் தொழிலாளியின் உயிருக்கே ஆபத்து. ஆனாற் கிண்ணத்திலிருந்து மின்சாரம் பாயுமா?

அடுத்து, டெக்சாஸ் மாநிலத்துத் தோமஸ் கார்ட்டர் இருவழி வானொலியைத் தொலைபேசியோடு ஒலியினாலே இணைக்கும் கருவியொன்றை ஆக்கினார். 1968-இல் ஆணைக்குழு அதனையும் அனுமதித்தது. கம்பனி சும்மா இருந்துவிடவில்லை. பிறர் கருவியைக் கம்பியில் நேரே இணைப்பதாயின், இடையே தன் பாதுகாப்புக் கருவியை வாடகைக்குப் பெறவேண்டுமென்றது. வாயிலைத் திறந்துவிட்டுச் சுங்கம் கேட்பது போன்றதே இது! 1975-இல் ஆணைக்குழு வகுத்த விதிகளின்படி, சோதிக்கப்பட்டுப் பதிவுபெற்ற கருவியை எவருந் தாமே செருகலாம் என்றாயிற்று. விடையிறுக்கும் இயந்திரம், தொலைநகல், மோடம் ஆகியன வீடுகளுட் பரவுதற்கு இதுவே வழிவகுத்தது.

செப்புக் கம்பி செல்லும் பல அமெரிக்க வீடுகளின் வெளிச்சுவரிலே இன்றுங் காணப்படும் சிறு சாம்பனிறப் பெட்டிதான் அந்த எல்லை. அதனைத் திறந்து, வீட்டுக் கம்பியின் செருகியைக் கழற்றிவிட்டு, நன்றாக இயங்கும் தொலைபேசியொன்றை அவ்விடத்திற் பொருத்த வேண்டும். ஒலி கேட்டாற் பழுது வீட்டினுள், செலவு வீட்டுக்காரருடையது. கேட்காவிடின் கம்பனியை அழைக்கலாம்.