ஒரு முறை சலுகை, நாலு முறை வந்தது!

திருப்பதி, ரேணிகுண்டா, சித்தூர் பக்கம் வேலைக்கு வந்த தமிழர்கள் பலர் இங்கேயே வீடு கட்டிக் குடியேறிவிட்டார்கள். இன்னும் பலர் பி.எப். பணத்தையும் மனைவியின் நகையையும் நம்பி மனை தேடுகிறார்கள். அவர்கள் காதில் முதலில் விழும் பேச்சு இதுதான்:

"பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு சார். பயப்படாம வாங்குங்க!"

அந்த அப்ரூவல் மட்டும் போதாது. திருப்பதியைச் சுற்றி மனைப்பிரிவு போட, திருப்பதி நகர அபிவிருத்தி ஆணையமான 'துடா'வின் ஒப்புதல் வேண்டும். 1975-ம் ஆண்டு சட்டப்படி 1981-ல் அமைந்தது துடா. சட்டத்துக்குப் பஞ்சம் இல்லை. அதன் மேல் நம்பிக்கைக்குத்தான் பஞ்சம்.

காரணம் என்ன?

பிளான் இல்லாமலும், பிளானை மீறியும் கட்டியவர்களிடம் அபராதம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்தும் திட்டத்தை 2007-ம் ஆண்டு கடைசி நாளில் ஆந்திர அரசு கொண்டு வந்தது. ஒரே ஒரு முறைதான் என்றார்கள். 2015-ல் மறுபடி வந்தது. 2019-ல் வந்தது. 2025-லும் வந்தது.

1985 ஜனவரி 1-க்குப் பிறகு கட்டியவை என்ற தொடக்கத் தேதி அப்படியே இருந்தது. முடிவுத் தேதிதான் நகர்ந்தது. முதலில் 2007 டிசம்பர் 15. பிறகு 2014 டிசம்பர் 31. அப்புறம் 2018 ஆகஸ்டு 31. கடைசியாக 2025 ஆகஸ்டு 31.

நாலு பக்கமும் இடம் விட்டு, கட்டணம் கட்டி, ஆபீசுக்கு நடையாய் நடந்து பிளான் வாங்கியவர் இதைப் பார்த்து என்ன நினைப்பார்? 'நாம்தான் ஏமாளி' என்று நினைக்க மாட்டாரா? அடுத்த தடவை அவர் தம்பி வீடு கட்டும்போது, "முதல்ல கட்டுடா, அபராதம் அப்புறம் பாத்துக்கலாம்" என்று அவரே சொல்வார்.

மனை விஷயம் இதைவிட மோசம். 2020-ல் வந்த மனை வரன்முறைத் திட்டத்தில், பூங்காவுக்கு 10 சதவீத இடம் விடாத லே-அவுட் என்றால் மனை மதிப்பில் 14 சதவீதம் தனியாகக் கட்ட வேண்டும் என்று விதி. பூங்கா இடத்தையும் மனையாக்கி விற்றவர் பணத்தோடு போய்விட்டார். கட்டுவது யார்? மாதச் சம்பளக்காரர்! கட்டினாலும் அந்தத் தெருவுக்குப் பூங்கா வரப்போவதில்லை. குழந்தைகள் விளையாட ரோடுதான்.

2025 தொடக்கத்தில் விதிகள் தளர்த்தப்பட்டன. 15 மீட்டர் உயரம் வரை உள்ள கட்டிடங்களுக்கு லைசென்ஸ் பெற்ற என்ஜினீயரோ ஆர்க்கிடெக்டோ சுயசான்று கொடுத்தால் போதும் என்றார்கள். தமிழ்நாட்டில் 2024 ஜூலையிலேயே இது வந்தது. அங்கே 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட ஆன்லைனில் உடனே அனுமதி. மேஜைக்கு மேஜை பைல் நகர்த்தக் 'கவனிக்க' வேண்டியதில்லை என்றால் வரவேற்க வேண்டியதுதான்.

ஆனால் கட்டும்போது நேரில் பார்ப்பது யார்? சென்னை மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28-ந் தேதி இடிந்து 61 பேரைப் பலி கொண்ட 11 மாடிக் கட்டிடம் அனுமதி வாங்கிய கட்டிடம்தான். செத்தவர்களில் ஆந்திராவில் இருந்து கூலி வேலைக்குப் போனவர்களும் உண்டு.

கட்டிடம் பிளான்படி இருக்கிறதா என்று பார்த்து முடிவுச் சான்று கொடுத்த பிறகே மின்சாரம், குடிநீர் இணைப்பு தர வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2024 டிசம்பர் 17-ந் தேதி உத்தரவிட்டது. வரன்முறைப்படுத்துவது வழக்கமாகிவிடக் கூடாது என்றும் கண்டித்தது. அதற்குப் பிறகுதான் நாலாவது சலுகை வந்தது!

மனை வாங்கப் போகிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் லே-அவுட்டின் எல்.பி. நம்பரைக் கேளுங்கள். எட்டு மனைக்கு மேல் உள்ள பிரிவு என்றால் 'ரேரா' பதிவு நம்பரையும் கேளுங்கள். ஒரு நாள் லீவு போட்டாவது அந்த நம்பரை ஆபீசில் சரிபாருங்கள். "அதெல்லாம் அப்புறம் வந்துடும் சார்" என்று புரோக்கர் சொன்னால், பணத்தை எடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.