லிஃப்ட் எண்ணெய் எங்கே போகிறது?

லிஃப்ட் விளம்பரத்தில் கண்ணாடி வரும், பளபளக்கும் எஃகுக் கதவு வரும். குழி வராது. கூண்டு வந்து நிற்கும் தரைத்தளத்துக்குக் கீழே வழக்கமான லிஃப்டுக்கெல்லாம் ஒரு குழி உண்டு. கூண்டை ஆடாமல் ஓடவைக்கும் கைடு ரெயிலுக்கு விடும் எண்ணெய் சொட்டுச் சொட்டாக வடிந்து அங்கேதான் சேரும். மும்பையில் மாட்டுங்கா லேபர் கேம்ப், தாராவி போன்ற தாழ்வான இடங்களில் ஜூன் பிறந்தால் குழியில் மழைத்தண்ணீரும் ஊறும். பம்பு வைத்து இறைத்தால் இரண்டும் கலந்து கட்டருக்கு (சாக்கடைக்கு) போகும். கட்டர் மித்தி ஆற்றில் விழும். மித்தி மாஹிம் கழிமுகத்தில் கலக்கும்.

சட்டப்படி அந்த எண்ணெய் வெறும் அழுக்கு அல்ல. 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளில் பயன்படுத்திய எண்ணெய் மட்டுமல்ல, எண்ணெய் ஊறிய காட்டன் வேஸ்ட் போன்ற கழிவும் பட்டியலில் இருக்கிறது. கரண்ட் போனால் கூண்டை அடுத்த மாடிக்குக் கொண்டுவந்து கதவைத் திறக்கும் ஏஆர்டி கருவிக்குள் பேட்டரி உண்டு. பெரும்பாலும் ஈய பேட்டரிதான். சில ஆண்டுகளில் அது செத்துவிடும். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி அது பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் போக வேண்டும். பங்கார் (பழைய சாமான்) கடைக்குப் போனால் அமிலம் சாக்கடைக்கும், ஈயப்புகை உடைத்து உருக்குபவரின் நுரையீரலுக்கும் போகும். பழைய டின்னும் டிரம்மும் கழுவிப் புதுசாக்கும் ‘13 காம்பவுண்டு’ என்ற பகுதி தாராவிக்குள்ளேயே இருப்பதால், இந்த வட்டாரத்துக்கு இது தூரத்துச் செய்தி அல்ல.

ஆனால் பராமரிப்பு டெண்டரில் இதெல்லாம் எங்கே வருகிறது? அரசு அலுவலகமோ மாநகராட்சி ஆஸ்பத்திரியோ, லிஃப்ட் ஏஎம்சிக்கு (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு) வழக்கமாகக் கேட்பது மாதம் எத்தனை சர்வீஸ், பழுதானால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார், என்ன விலை. தகுதி பெற்றவர்களில் குறைந்த விலை சொன்னவர் எல்-1, வேலை அவருக்கு. 1939-ஆம் ஆண்டு பம்பாய் லிஃப்ட் சட்டத்தின் இடத்தில் 2017-இல் வந்த மகாராஷ்டிரச் சட்டமும் முதன்மையாக உயிர்ப் பாதுகாப்பைப் பற்றியது. அது சரிதான். ஆனால் எண்ணெயை முறைப்படி ஒப்படைக்கச் செலவு பிடிக்கும். கட்டரில் ஊற்றக் காசு வேண்டாம். டெண்டர் கேட்காத வரை, ஒழுங்காகச் செய்கிறவர்தான் விலைப்போட்டியில் தோற்பார்.

மின்சாரக் கதை இன்னும் சுவாரஸ்யம். ஏழு மாடிக் கட்டடத்தில் ஆறு பேர் ஏறும் லிஃப்டின் சுமை 408 கிலோ. அதில் ஏறக்குறையப் பாதியை எதிர் எடை தாங்கிக்கொள்கிறது. மிச்சம் 204 கிலோவை 20 மீட்டர் தூக்க இயற்பியல் கேட்பது 0.011 யூனிட். கூண்டுக்குள் 20 வாட் விளக்கும் 40 வாட் ஃபேனும் இரவு பகலாக ஓடினால் ஒரு நாளைக்கு 1.44 யூனிட், அதாவது அப்படி 130 தடவை தூக்கும் ஆற்றல். உராய்வும் மோட்டார் இழப்பும் சேர்ந்தால் தூக்கும் செலவு கூடும் என்பது உண்மை. ஆனாலும் ஆளில்லாதபோது விளக்கும் ஃபேனும் தானாக அணையும்படி செய்வது ஒரு மெக்கானிக்கின் சின்ன வேலை. எழுதிக் கேட்டால் செய்வார். இல்லாவிட்டால் பில்லைக் கட்டுவது அவர் இல்லையே!

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014/24 கொள்முதல் ஆணை, வாங்கும் விலையோடு ஆயுட்காலச் செலவையும், அதாவது மின்சாரம், பராமரிப்பு, கடைசியில் கழிவை அகற்றுவது எல்லாவற்றையும் எடைபோட வழி விடுகிறது. நம் 2017 பொது நிதி விதிகளிலும் மின்சாதனங்களுக்கு நட்சத்திரக் குறியீடு பார்க்கச் சொல்லும் பிரிவு உண்டு. பொருளுக்கு இருக்கும் இந்த அக்கறை சேவைக்கும் வர வேண்டும். பராமரிப்பு வண்டிகளின் புகைக்கும் மதிப்பெண் போடலாம். டூல் பையோடு லோக்கல் ரயிலில் வந்து சயானில் இறங்கும் மெக்கானிக்குக்கு அதில் முழு மதிப்பெண்!

ஒப்பந்த வகையும் முக்கியம். சாதா ஏஎம்சியில் உதிரிபாகத்துக்குத் தனிப் பில். பாகம் மாற்றினால் கம்பெனிக்கு லாபம். காம்ப்ரிஹென்சிவில் பாகத்தின் செலவு கம்பெனியுடையது. அதனால் இருப்பதை நீண்ட நாள் ஓட்டப் பார்க்கும். குப்பை குறைய இரண்டாவதே தேவலை, பாதுகாப்பு ஆய்வை வேறொருவர் செய்தால்.

2022 நவம்பரில் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய்க்கு ஏலம் கேட்ட தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில் மாநில அரசுக்கு 20 சதவீதப் பங்கு உண்டு. குடிசையிலிருந்து அடுக்குமாடிக்குப் போகும் குடும்பங்களோடு லிஃப்டுகளும் பெருகும். சேவை ஒப்பந்தம் எழுதும்போதே எண்ணெய், பேட்டரி, காத்திருப்பு மின்சாரம் மூன்றுக்கும் தலா ஒரு வாசகம் சேர்ப்பது அரசின் கையில் இருக்கிறது. ஏற்கெனவே எஸ்ஆர்ஏ (குடிசை மறுவாழ்வு ஆணையம்) கட்டடத்தில் குடியிருக்கும் சொசைட்டிக் கமிட்டிகள் அதுவரை காத்திருக்க வேண்டாம்: அடுத்த ஏஎம்சியில் கையெழுத்துப் போடுமுன், பழைய பேட்டரியையும் எண்ணெயையும் யாரிடம் ஒப்படைத்தீர்கள் என்று ரசீது கேளுங்கள்.