வெப்பம் முழுவதும் வேலையாகுமா?

இரு கைகளையும் தேய்த்தால் சூடு பிறக்கின்றது. தேய்க்கும் வேலை முழுவதும் வெப்பமாகிவிடுவதற்கு யாதொரு தடையுமில்லை. ஆனால், வெப்பத்தைக் கொண்டு ஒரு பொறியை ஓயாது இயக்க முற்பட்டால், அதன் ஒரு பகுதி வேலையாகாது கழிந்தே தீருகின்றது. வெப்பவியக்கவியலின் இரண்டாம் விதி கூறுவது இதுவே. இவ்விதியின் வித்து, 1824 ஆம் ஆண்டிற் பாரிசு நகரில் வெளிவந்த ஒரு சிறு நூலிலே கிடந்தது.

அந்நூலை எழுதியவர் சாடி கார்னோ என்னும் இளம் பொறியியலாளர். அக்காலத்தில் இங்கிலாந்தின் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் நீராவிப் பொறிகள் இடைவிடாது இயங்கின. பிரான்சு அத்துறையிற் பின்தங்கியிருந்தது. எரிக்கும் கரிக்கு எவ்வளவு வேலையைப் பெறலாம்? நீராவியை விட்டு வேறோர் ஆவியைக் கையாண்டாற் கூடுதலாகக் கிடைக்குமா? பிறர் பொறியின் உறுப்புக்களைத் திருத்திக்கொண்டிருக்க, கார்னோ வெப்பத்தைப் பற்றியே சிந்தித்தார். அருவி நீர் உயரத்திலிருந்து விழும்போது சில்லைச் சுழற்றுவதுபோல, வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு இறங்கும்போதே வேலை பிறக்கின்றது என்றார். ஆகவே கொதிகலன் மாத்திரம் போதாது; குளிர்ந்த ஓரிடமும் வேண்டும். பெறக்கூடிய வேலையின் எல்லையை வகுப்பவை அவ்விரண்டு இடங்களின் வெப்பநிலைகளே, ஆவியின் வகையன்று.

இவ்வுவமையில் ஒரு பிழை இருந்தது. அருவி நீர் அளவிற் குறையாது விழுகின்றது. வெப்பமோ அவ்வாறன்று, இறங்கும்போதே ஒரு பகுதி வேலையாக மாறிவிடுகின்றது. 1850 இல் இதனைத் திருத்தியமைத்த செருமானிய அறிஞர் கிளௌசியசு, 1865 இல் எந்திரோப்பி என்னும் பெயரையும் படைத்தார். பெயர் மிரட்டினாலும் கணக்கு எளியது. ஓரிடத்திலிருந்து வெளியேறும் வெப்பத்தை அவ்விடத்தின் தனி வெப்பநிலையால் வகுத்தால், அங்கே குறைந்த எந்திரோப்பி கிடைக்கும். செல்சியசுப் பாகையுடன் 273 ஐக் கூட்டினால் வருவது தனி வெப்பநிலை.

கொதிகலன் 100 பாகையிலும் குளிர்விக்கும் நீர் 30 பாகையிலும் உள்ளன என்க. தனி வெப்பநிலைகள் 373, 303 ஆகும். கொதிகலனிலிருந்து 373 அலகு வெப்பத்தை எடுத்தால் அதன் எந்திரோப்பி 1 அலகு குறையும். மொத்த எந்திரோப்பி ஒருபோதும் குறையலாகாது என்பதே விதி. பொறியோ ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் பழைய நிலைக்கே மீளுவதால், கணக்கை ஈடுசெய்ய அதனாலாகாது. எனவே குளிர்ந்த நீரின் எந்திரோப்பி குறைந்தது 1 அலகாவது கூடவேண்டும். அதற்கு 303 அலகு வெப்பத்தை அந்நீரிலே கொட்டியாகவேண்டும். வேலைக்கு எஞ்சுவது 70 அலகே! நூற்றுக்குப் பத்தொன்பதும் இல்லை. உராய்வே அற்ற பொறிக்கும் இதுதான் கதி.

அனல்மின் நிலையங்கள் நீராவியை 500 பாகைக்கும் மேலாகச் சூடாக்குவது இவ்வெல்லையை உயர்த்துவதற்கேயாம். அப்போதுங்கூடக் கழிவெப்பம் தப்பாது. நுரைச்சோலை நிலையம் குளிர்விக்கும் நீரைக் கடலிலிருந்து எடுத்து, சூடேறியபின் கடலுக்கே திருப்பிவிடுகின்றது.

கார்னோவின் நூலை அந்நாளிற் கவனித்தவர் மிகச் சிலரே. பிற்காலத்திற் கெல்வின் பிரபு எனப்பெற்ற வில்லியம் தொம்சன், 1845 இற் பாரிசுப் புத்தகக் கடைகளில் அதனைத் தேடியலைந்தார்; கடைக்காரர் அப்பெயரையே அறிந்திலர். ஆசிரியர் அதற்கு முன்னரே, 1832 இல், தமது முப்பத்தாறாம் வயதில் வாந்திபேதி கண்டு இறந்திருந்தார். தொற்றுக்கு அஞ்சி அவருடைய உடைமைகள் எரிக்கப்பட்டபோது தாள்களிற் பெரும்பாலானவையும் சாம்பலாயின. தப்பிய சில குறிப்புக்களைத் தம்பி இப்பொலீத் 1878 இல் வெளியிட்டார். வெப்பம் என்பது துணிக்கைகளின் இயக்கமே என்றும், வேலை செய்யுமிடத்து அது குறைகின்றது என்றும் அவற்றில் எழுதப்பட்டிருந்தது. 1 கிலோகலோரி வெப்பம் 370 கிலோகிராம்-மீற்றர் வேலைக்குச் சமம் என்ற கணக்கும் அங்கே இருந்தது. சரியான விடை ஏறக்குறைய 427.