அழகுக்கு நட்டால் சுவருக்கே ஆபத்தா? டிரம்பெட் கிரீப்பர் கொடி பற்றி தெரிஞ்சுக்கோங்க

சுவர் முழுக்கப் பச்சை. நடுவில் கொத்துக் கொத்தாக, குட்டி நாதஸ்வரம் மாதிரி ஆரஞ்சு பூக்கள். டிரம்பெட் கிரீப்பர் கொடியைப் பார்த்தவுடன், நம்ம வீட்டு காம்பவுண்டிலும் ஒண்ணு நட்டா என்ன என்று தோன்றும். ஆனா அதன் சொந்த ஊரில் அதற்கு இருக்கும் பட்டப்பெயர்களைக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பீங்க. 'நரகக் கொடி', 'மாட்டு அரிப்புக் கொடி'!

ஏன் இவ்வளவு கோபம்?

அந்தச் சொந்த ஊர், அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதி. தாவரவியல் பெயர் கேம்ப்சிஸ் ராடிகன்ஸ். 'ராடிகன்ஸ்' என்றால் வேர் விடுவது என்று அர்த்தம். பிரச்சனையே அந்தப் பெயரில்தான் இருக்கு.

மண்ணுக்குள் மட்டும் இல்லாமல், தண்டிலும் இதற்குக் குட்டிக் குட்டி வேர்கள் முளைக்கும். அதைக் கொண்டு செங்கல், மரம், பூச்சு என எதையும் பிடித்து 10 மீட்டர் வரை ஏறிவிடும். அதாவது மூணு மாடி. வயதாக ஆகத் தண்டு கட்டையாகிக் கனக்கும். விரிசலுக்குள்ளும் கூரை இடுக்கிலும் நுழைந்துவிட்டால், பிடுங்கும்போது பூச்சும் சேர்ந்தே வரும்.

சரி, அடியோடு வெட்டிடலாமா? வெட்டலாம், ஆனா மண்ணில் மிச்சம் இருக்கும் வேரிலிருந்து புதுக் கன்று கிளம்பும். தாய்க்கொடியிலிருந்து பல அடி தள்ளி, சம்பந்தமே இல்லாத இடத்தில்கூட முளைக்கும். இலையோ சாறோ பட்டால் சிலருக்குத் தோல் சிவந்து அரிக்கும். அரிப்புக் கொடி என்ற பெயர் அதனால்தான்.

பூவுக்குள் ஒரு பொறி

திட்டினாலும் இந்தப் பூ சாமானியப்பட்டது இல்லை. சொல்லும்படி வாசனை கிடையாது. நிறத்தையும் தேனையும் வைத்தே செந்தொண்டை ஹம்மிங்பேர்டை இழுக்கிறது. ஹம்மிங்பேர்டு அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழும் பறவை. நம்ம ஊர் தேன்சிட்டு வேறு இனம்.

பூவின் சூல்முடி இரண்டு மடலாக விரிந்திருக்கும். பறவையின் அலகோ தலையோ பட்டதும் சில நொடிகளில் மூடிக்கொள்ளும், நம்ம தொட்டாற்சிணுங்கி மாதிரி. போதுமான மகரந்தம் ஒட்டவில்லை என்றால் மறுபடியும் திறக்கும்.

நமக்குத் தெரிந்த சொந்தக்காரர்கள்

இந்தக் குடும்பத்தின் பெயர் பிக்னோனியேசி. பிரான்ஸ் மன்னரின் நூலகராக இருந்த பிஞோன் என்பவரின் நினைவாக வந்த பெயர். இதில் 800-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. கொடைக்கானலில் ஊதாவாகப் பூக்கும் ஜகரண்டா, தெருவோர மரமல்லி எல்லாம் இதே குடும்பம்தான். ஏன், கடலூர் திருப்பாதிரிப்புலியூருக்குப் பெயர் கொடுத்த, பாடலீஸ்வரர் கோயிலின் தல மரமான பாதிரியும் இதே வகையறா. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களில் பாதிரியும் உண்டு!

வில்லன்களும் இருக்கிறார்கள். மஞ்சள் பூ பூக்கும் 'பூனை நகக் கொடி' தென், மத்திய அமெரிக்காவைச் சேர்ந்தது. தோட்டத்து அழகுக்காக ஆஸ்திரேலியாவுக்குப் போனது, இன்று ஆற்றங்கரை மரங்களைப் போர்த்தி அமுக்குகிறது. தேசிய அளவில் கவலைக்குரிய களைகளின் பட்டியலில் அந்நாட்டு அரசு அதைச் சேர்த்திருக்கிறது.

வாங்கும் முன் எதைப் பார்க்கணும்?

'டிரம்பெட் வைன்' என்ற ஒரே பெயரில் பல கொடிகளை அழைக்கிறார்கள். அதனால் பெயரை விட்டுவிட்டுத் தண்டைப் பாருங்க. தண்டிலேயே வேர் துருத்திக்கொண்டிருந்தால் சுவரை ஒட்டி நடவே கூடாது. பிரேசிலைச் சேர்ந்த, ஆரஞ்சு பூ பூக்கும் பைரோஸ்டீஜியா போன்றவை பற்றுக்கம்பியால்தான் ஏறும். அதற்குக் கம்பி வலையோ பந்தலோ இருந்தாலே போதும்.

டிரம்பெட் கிரீப்பர்தான் வேணும் என்றால், வீட்டிலிருந்து சில மீட்டர் தள்ளி, பலமான தனிக் கம்பத்தில் ஏற்றுங்க. பூ புதுக் கிளையில்தான் வரும். அதனால் வருஷத்துக்கு ஒருமுறை தைரியமாக ஒட்ட வெட்டலாம். நீளமான காய்க்குள் காற்றில் பறக்கும் இறக்கை விதைகள் ஏராளமாக இருக்கும். அது காய்ந்து வெடிப்பதற்குள் பறித்துடுங்க.