தூக்க மாத்திரையும் ஃபஜ்ரு நேரமும்

தூக்கம் வரவில்லை என்று போனால் டாக்டர் சில நாட்களுக்கு மாத்திரை எழுதித் தருகிறார். அந்தப் பழைய சீட்டையே காட்டி வருடக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுபவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அல்பிரசோலம், டயஸிபாம், சோல்பிடம் எல்லாமே மூளையின் செயலை மந்தமாக்கித்தான் தூங்க வைக்கின்றன. சில வாரங்களிலேயே உடல் பழகிவிடும். பிறகு அதே அளவு போதாது.

நாம் அதிகம் கவலைப்பட வேண்டியது வயதான வாப்பா, உம்மாவைப் பற்றித்தான். தஹஜ்ஜுதுக்கோ ஃபஜ்ருக்கோ ஒளு செய்ய எழும்போது மருந்தின் மயக்கம் முழுதாகத் தெளிந்திருக்காது. ஈரத் தரையில் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அந்த வயதில் மீண்டும் நடப்பதே பெரும்பாடு. வயசுக் கோளாறு என்று நாம் விட்டுவிடும் மறதிக்கும் இந்த மாத்திரை காரணமாக இருக்கலாம். சோல்பிடம் பெண்களின் உடலிலிருந்து மெதுவாகவே வெளியேறுகிறது. அதனால் 2013இல் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது.

இதைப் படித்துவிட்டு இன்றிரவே நிறுத்திவிடாதீர்கள். நெடுநாள் சாப்பிட்டவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம், பதற்றம், சிலருக்கு வலிப்புகூட வரும். டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அவரிடம் போகும்போது வீட்டில் சாப்பிடும் மற்ற மாத்திரைகளையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.