விண்ணப்பத்தில் முதலில் எதைப் பார்க்கிறோம்?

எமது வர்த்தகர்களில் பலருக்கு வேலைக்கு ஆள் எடுப்பதென்றால் தெரிந்தவரின் பிள்ளை, இல்லாவிட்டால் பள்ளிவாசலில் ஒருவர் சொல்லி அனுப்பும் பிள்ளை என்பதுதான் வழமை. விண்ணப்பம், சுயவிபரக் கோவை என்பதெல்லாம் வங்கிக்கும் அரசாங்கக் காரியாலயத்துக்கும் உரியவை என்று நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். காத்தான்குடியில் 20 வருடங்களுக்கு மேலாகக் கட்டடப் பொருட்கள் விற்கும் எனக்கு, ஒரு விண்ணப்பத்தை எப்படி வாசிப்பது என்று கற்றுத் தந்தது குருக்கள்மடத்திலிருந்து வந்த ஒற்றைத் தாள்.

2023ஆம் ஆண்டு ஸ்டோருக்குப் பொறுப்பாக ஒருவர் தேவைப்பட்டார். அதற்கு முன் இருந்தவர் உறவுக்காரப் பிள்ளை. அவரை எடுக்கும்போது எழுத்தும் இல்லை, கேள்வியும் இல்லை. வருட முடிவில் இருப்பை எண்ணியபோது கம்பியிலும் பெயின்ற்றிலும் துண்டு விழுந்தது. களவா, கவனயீனமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டால் உறவு முறியும், கேட்காவிட்டால் கடை முறியும். அதனால்தான் அந்த முறை கடை வாசலில் அறிவித்தல் ஒட்டி எழுத்தில் விண்ணப்பம் கேட்டேன்.

ஒரே அச்சில் 22 தாள்கள்

மொத்தம் 23 விண்ணப்பங்கள் வந்தன. அவற்றில் 22 விண்ணப்பங்களை ஒருவரே எழுதியிருப்பார் என்று சொல்லலாம். கொம்பியூட்டர்க் கடையில் இருக்கும் மாதிரியில் பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். முழுப்பெயர், முகவரி, மதம், இனம், விவாக நிலை, பாடசாலை, சாதாரண தரப் பெறுபேறு, அதன் கீழே "கடின உழைப்பாளி, நேர்மையானவர், குழுவாகச் செயற்படக் கூடியவர்" என்று ஒரே வரி. எல்லோரும் நேர்மையானவர்கள் என்றால் நான் யாரை அழைப்பது?

வேதனை என்னவென்றால், அவர்களில் மூன்று பேரை எனக்கு நன்றாகத் தெரியும். சிறு வயதிலிருந்தே வாப்பாவின் கடையில் நின்று வளர்ந்த பிள்ளைகள். தராசு பிடித்திருக்கிறார்கள், சிட்டை எழுதியிருக்கிறார்கள், கடன் வசூலித்திருக்கிறார்கள். ஆனால் மூவருமே "முன் அனுபவம்: இல்லை" என்று எழுதியிருந்தார்கள். சம்பளம் வாங்காத வேலை வேலையே இல்லை என்று நம் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

23ஆவது தாள்

அது கோடிட்ட தாளில் கையால் எழுதப்பட்டிருந்தது. முகவரியில் குருக்கள்மடம் என்று இருந்தது. என் கை அந்த வரியிலேயே நின்றுவிட்டது.

ஏன் என்று கிழக்கு மாகாண வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1990 ஜூலை 12ஆம் திகதி கல்முனைப் பக்கமிருந்து காத்தான்குடிக்கு வந்துகொண்டிருந்த முஸ்லிம்களைக் குருக்கள்மடத்தில் வைத்துப் புலிகள் கடத்திக் கொன்றார்கள். ஹஜ்ஜை முடித்துத் திரும்பியவர்களும் அவர்களில் இருந்தார்கள். தொழுவித்து அடக்கம் செய்ய ஜனாஸாக்கள் கூட உறவினர் கைக்கு வரவில்லை. அந்த வருடம் இந்த வாவிக் கரையில் தமிழர் வீடுகளிலும் சாவு விழுந்தது என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் எங்கள் தெருவில் இன்னும் ஒரு வீட்டில் அந்த ஊரின் பெயரைச் சொல்ல மாட்டார்கள்.

தாளை ஒதுக்கி வைக்கப் போன என் கண்ணில் அடையாள அட்டை இலக்கம் பட்டது. அதன் முதல் நான்கு இலக்கங்கள் 2001. அந்த ஜூலைக்கு 11 வருடங்கள் கழித்துப் பிறந்த பிள்ளை. மீதியையும் வாசித்தேன்.

குருக்கள்மடத்துத் துறையிலிருந்து 'பாதை' என்று நாங்கள் சொல்லும் படகில் வாவியைக் கடந்து, அம்பிளாந்துறையில் ஒரு கடையில் இரண்டு வருடம் வேலை செய்ததாக எழுதியிருந்தார். சீமெந்து, தகரம், பசளை ஆகிய மூன்றுக்கும் தனித்தனி இருப்புப் புத்தகம் எழுதியதாகவும், ஒவ்வொரு வியாழக்கிழமையும் மூடைகளை எண்ணிப் புத்தகத்தோடு ஒப்பிட்டதாகவும் இருந்தது. பிறகு ஒரு வரி: மாரியில் வெள்ளம் வந்தால் பாதை ஓடாது என்பதால், எது எவ்வளவு தேவைப்படும் என்று கார்த்திகைக்கு முன்பே பட்டியல் போட்டு முதலாளியிடம் கொடுப்பேன்.

"நேர்மையானவர்" என்று எங்கும் எழுதவில்லை. கடைசியில் பழைய முதலாளியின் தொலைபேசி இலக்கம் மட்டும் இருந்தது. எடுத்தேன். "எழுதினது எல்லாம் சரிதான். என்ர மகன் கடைக்கு வந்திட்டான், ரெண்டு பேருக்குச் சம்பளம் கட்டுப்படியாகாது. பாதை ஓடாத நாளைக்கு மட்டும் வேலைக்கு வர மாட்டான்" என்று சிரித்தார்.

நேரில் அழைத்தபோது நான் கேட்ட முதல் கேள்வி கணக்கைப் பற்றியதல்ல. "தம்பி, எங்கட ஊருக்கு வேலைக்கு வர வீட்டில என்ன சொன்னாங்க?" அவர் ஒளிக்கவில்லை. "அம்மாக்குப் பயம்தான் முதலாளி. ஒருக்காப் போய்ப் பாக்கிறன் எண்டு சொல்லிட்டு வந்தன்." பயம் எனக்கும் இருந்தது என்று நான் சொல்லவில்லை.

எங்கள் முகவரி

முகவரி ஒரு மனிதனை என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியாததல்ல. 2019 ஏப்ரல் 21 தாக்குதலுக்குத் தலைமை தாங்கியவன் எங்கள் ஊரைச் சேர்ந்தவன். அந்த வருடம் என் ராத்தாவின் மகன் கணக்கியல் தகைமையோடு கொழும்பில் வேலை தேடினார். விண்ணப்பங்கள் போயின, பதில் வரவில்லை. கடைசியில் ஒரு இடத்தில் அழைத்தார்கள். அங்கும் கணக்கைப் பற்றி இரண்டு கேள்வி, காத்தான்குடியைப் பற்றி பத்துக் கேள்வி. "மாமா, முகவரியை மாத்திப் போடவா?" என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை.

இது நமக்கு மட்டும் நடப்பதுமல்ல. இந்தியாவில் சுக்தேவ் தோரட், போல் அட்டவெல் என்ற இரு ஆய்வாளர்கள், தனியார் கம்பனிகளின் பத்திரிகை விளம்பரங்களுக்கு ஒரே அளவு தகைமை கொண்ட விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் அனுப்பிப் பார்த்தார்கள். 2007இல் வெளியான முடிவின்படி, உயர்சாதி இந்துப் பெயர்களைவிட தலித் பெயர்களுக்கு அழைப்புக் குறைவு, முஸ்லிம் பெயர்களுக்கு அதைவிடவும் குறைவு. தகைமை அதேதான், பெயர்தான் வேறு. இதைக் கேட்டு நாம் கோபப்படுகிறோம். ஆனால் நம் மேசைக்கு வரும் தாளில் நாம் முதலில் எதைப் பார்க்கிறோம்?

நபி யூசுப் (அலை) அவர்களின் வரலாறு நமக்குத் தெரிந்ததுதான். எகிப்தின் களஞ்சியங்களுக்குப் பொறுப்பாகத் தம்மை நியமிக்குமாறு மன்னரிடம் கேட்டபோது அவர்கள் முன்வைத்தவை இரண்டு: பாதுகாக்கும் பண்பும், அதற்கான அறிவும். ஊரையோ குலத்தையோ சொல்லிக் கேட்கவில்லை. அந்நியராக வந்தவர், சிறையிலிருந்து வெளிவந்தவர். மன்னர் அவரிடம் பொறுப்பைக் கொடுத்தார், நாடு பஞ்சத்தைத் தாண்டியது. ஸ்டோருக்கு ஆள் தேடும் எவரும் யோசிக்க வேண்டிய விடயம் இது.

பிள்ளைகள் எழுதும்போது

நம் பிள்ளைகள் விண்ணப்பம் எழுதும்போது நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியவை சில உண்டு.

1. கேட்கப்பட்ட வேலை எது, அதற்குத் தன்னிடம் என்ன இருக்கிறது என்பது முதல் நான்கு வரிக்குள் வர வேண்டும். இந்தக் கடிதம் ஒரு பக்கம் போதும். ஒரே கடிதத்தைப் பத்து இடத்துக்கு அனுப்பக் கூடாது.

2. குணத்தைச் சொல்லாமல் வேலையைச் சொல்ல வேண்டும். "பொறுப்பானவர்" என்பதைவிட "வாப்பாவின் கடையில் மூன்று வருடம் மாலை நேரக் காசுப் பெட்டியைப் பார்த்தேன்" என்பது பெரிது. பள்ளிவாசல் சந்தாக் கணக்கு எழுதியது, விளையாட்டுக் கழகப் பொருளாளராக இருந்தது எல்லாம் அனுபவமே.

3. மொழியைப் பிரித்து எழுத வேண்டும். "சிங்களம்: பேச முடியும், எழுத முடியாது" என்பது உண்மை. "மும்மொழித் தேர்ச்சி" என்று போட்டுவிட்டு நேர்முகப் பரீட்சையில் விழிப்பதால் மற்ற வரிகளும் பொய்யாகிவிடும்.

4. தொழிற்பயிற்சி பெற்றிருந்தால் தேசிய தொழிற்தகைமையின் எந்த மட்டம் என்று குறிப்பிட வேண்டும். 1 முதல் 7 வரை மட்டங்கள் உண்டு. வெறுமனே "கோர்ஸ் செய்தேன்" என்றால் யாருக்கும் விளங்காது.

5. சான்று சொல்பவராக அரசியல்வாதியின் பெயரைப் போடுவதில் பயனில்லை. தன் வேலையைக் கண்ணால் கண்டவரின் பெயரை, அவரிடம் அனுமதி கேட்டுப் போட வேண்டும். அந்த இலக்கத்துக்கு அழைத்தால் ஆள் பேச வேண்டும்.

முதலாளிமார் வாசிக்கும்போது

இப்போது நான் ஒரு வழமை வைத்திருக்கிறேன். பெயர், முகவரி, மதம், இனம் இருக்கும் மேல் பகுதியை ஒரு வெள்ளைத் தாளால் மூடிவிட்டுத்தான் வாசிப்பேன். வேலையைப் பற்றிய பகுதியைப் படித்து, அழைப்பதா இல்லையா என்று ஓரத்தில் குறித்த பின்பே தாளை எடுப்பேன். மகனும் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

விண்ணப்பத்தை எழுத்தில் கேட்கும் நாம் பதிலையும் எழுத்தில் கொடுக்க வேண்டும். கடை ஊழியருக்கு வேலை நிபந்தனைகளை எழுத்தில் கொடுக்கும்படி 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் சொல்கிறது. சேமலாப நிதிக்கு ஊழியரின் 8 வீதமும் நமது 12 வீதமும், நம்பிக்கை நிதிக்கு நமது 3 வீதமும் கட்ட வேண்டும். "நம்ம பிள்ளைதானே" என்று இதைத் தட்டிக் கழிப்பதும் அநியாயமே.

அந்த இளைஞர் சேர்ந்த பிறகு முதல் வருட இருப்பை எண்ணினோம். புத்தகத்துக்கும் ஸ்டோருக்கும் இடையில் வித்தியாசம் ஒரு பெட்டி ஆணி. ஆனால் எல்லாம் இலாபம் என்று நான் எழுத மாட்டேன். நீண்ட கால வாடிக்கையாளர் ஒருவர், அந்த ஜூலையில் சொந்தத்தை இழந்தவர், கடைக்கு வந்து கேட்டார்: "காக்கா, ஆள் கிடைக்காமயா குருக்கள்மடத்தில போய் எடுத்தீங்க?" நான் கதிரை போட்டுத் தேநீர் கொடுத்தேன், பதில் சொல்லவில்லை. அவருடைய இழப்புக்கு என் ஸ்டோர்க் கணக்கு பதிலாகாது. அவர் இப்போது வேறு கடையில் சீமெந்து வாங்குகிறார். வழியில் கண்டால் ஸலாம் சொல்கிறோம்.

வர்த்தக சகோதரர்களே, அடுத்த தடவை உங்கள் மேசைக்கு விண்ணப்பங்கள் வரும்போது அந்த வெள்ளைத் தாளை ஒருமுறை வைத்துப் பாருங்கள். வீட்டில் விண்ணப்பம் எழுதும் பிள்ளை இருந்தால், "முன் அனுபவம்" என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றிரவே கேளுங்கள். "இல்லை" என்று எழுதியிருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, நம் கடையில் அந்தப் பிள்ளை செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுங்கள்.