இளவயதில் முடக்குவாதம்

விடியற்காலையில் பால்வெட்டுக்குப் புறப்படும் இளம்பெண்ணுக்கு விரல் கணுக்கள் வீங்கி, வெட்டுக்கத்தியைப் பிடிக்க முடியவில்லை. வெயில் ஏறியதும் கை இளகுகிறது. பனியில் நனைந்த கை என்று நாம் தைலம் தேய்த்து விடுகிறோம்.

வாதம் கிழவர் நோய் என்பது நம் எண்ணம். முடக்குவாதமோ இளவயதிலும் வரும்; பெண்களுக்கே அதிகம். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி வழிதவறி மூட்டின் உட்சவ்வைத் தாக்குகிறது. அரித்துப்போன எலும்பு திரும்ப வளராது. அதனால்தான் அவசரம்.

காலையில் அரைமணிக்கு மேல் விறைப்பு, இரு கைகளிலும் வீக்கம், சில வாரமாகியும் தணியவில்லை என்றால் அரசாங்கக் கிளினிக்குக்குப் போவோம். சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனையின் மூட்டுநோய்ப் பிரிவுக்குக் கடிதம் கேட்போம். சிக்குன்குனியாவுக்குப் பின்னும் மூட்டு இப்படி வலிக்கும். ஆகவே காய்ச்சல் வந்திருந்தால் சொல்ல வேண்டும். ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாவிட்டாலும் நோய் இல்லையென்று ஆகிவிடாது.

'ஒரே மாத்திரையில் வலி பறந்தது' என்று சிலர் நாட்டு மருந்தைப் புகழ்வார்கள். அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு கண்டுபிடித்திருக்கிறது. 1948இல் அமெரிக்காவில் டாக்டர் பிலிப் ஹென்ச் இவ்வகை மருந்தை ஊசியில் கொடுத்தபோது, படுத்துக் கிடந்த 29 வயதுப் பெண் சில நாளில் நடந்தாள். 1950இல் அவருக்கு நோபல் பரிசு. ஆனால் கண்காணிப்பின்றி நெடுநாள் தின்றால் எலும்பு மெலியும், சர்க்கரை ஏறும்.

டாக்டர் பெரும்பாலும் முதலில் தருவது மெத்தோட்ரெக்சேட். அது வாரத்தில் ஒரே நாள்தான்; தினமும் தின்றால் உயிருக்கே ஆபத்து. கருவுக்கும் ஆகாது. கல்யாணப் பேச்சு நடந்தால் டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லிவிட வேண்டும். வேறு மருந்து உண்டு.